பாம்புக்குட்டிகளுக்கு ஒரு விரிப்பு

முட்டையிலிருந்து அன்றைக்குத்தான் வெளிவந்த செல்லப் பாம்புக்குட்டிகளுக்காகக் கண்ணாடித் தொட்டியில் தேங்காய்நார்த் தூளைக் கொட்டப்போன தினகரின் கையை அவன் மனைவி ஷோபனா பிடித்துக்கொண்டாள்.

"இதுல புதைஞ்சு நிம்மதியாத் தூங்கும்டி."

"அதுங்க தூங்கும், நான்? ஒண்ணு நழுவிப் போனாக்கூடத் தெரியாது. நம்ம புள்ள தவழப்போற வீடுங்க இது. வெள்ளைத் துணி விரிங்க, இல்லேன்னா அம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

"உத்தரவு மகாராணி!"

விரித்தான். எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் ஒளிய இடமில்லாத குட்டிகள் கண்ணாடியை முட்டி முட்டிச் சுற்றின. நிறைமாத வயிற்றோடு அவளும் தொட்டியையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் அவளே துணியின் ஓரத்தைத் தூக்கிவிட்டாள். அத்தனையும் அடியில் நுழைந்து அடங்கிப்போயின. இப்போது ஒன்றுகூடத் தெரியவில்லை. அவள் வயிற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத பிள்ளை ஓர் உதை விட்டது. துணியை விலக்க நீண்ட அவள் கை பாதியில் நின்றது.