குடை தின்ற ஆடு

"மழையாம் மழை! தகரத்துல கடலையைக் கொட்டிட்டு மழைங்கிறான்" என்றார் சௌடப்பன்.

கொட்டகைப் பெஞ்சில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குப் பாளையம்பட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு நடந்து வந்து மதியக் காட்சி பார்ப்பார். பார்க்கிற எதையும் நம்பமாட்டார். திரையில் தாய்க்காரி இருமி இருமிப் பாடினால், "சாகப் போறவளுக்கு ஏதுடா இம்புட்டு மூச்சு?" என்பார். கதாநாயகன் சவால் விட்டால், "சம்பளத்துக்குக் கத்துறான்" என்பார்.

இடைவேளையில் சவ்வாது வாசனை ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பெஞ்சு முனகியது.

"நாற்காலி பூராம் மூட்டைப்பூச்சிப்பா" என்றது குரல்.

சண்முகவேல் முதலாளி. பாவும் நூலும் கொடுத்து நெசவாளிகளிடம் சேலை வாங்குகிறவர். போன மாதம், நெசவாளி சீனிச்சாமிக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லி, கொடுத்த பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். சீனிச்சாமி இப்போது நரிக்குடியில் மகள் வீட்டு ஆடுகளுக்குக் காவல்.

அடுத்த பாவு எண்பதாம் நம்பர் நூல். மயிர் மாதிரி இழை. அது சௌடப்பனுக்கா, வேறு ஆளுக்கா என்று முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை.

"கண்ணெல்லாம் எப்படி இருக்கு சௌடப்பா?"

"கண்ணுக்கு என்ன முதலாளி? பல்லுதான் ரெண்டு போச்சு."

மணி அடித்தது. ஆனால் மீதிப் படத்தின் பெட்டி இன்னும் விருதுநகரிலிருந்து வந்து சேரவில்லை. பஸ் வருகிறவரைக்கும் வரைந்த பொம்மைகள் ஓடுகிற கோட்டுப்படம் ஒன்று போடுகிறோம் என்று வாசல்காரன் சத்தம் போட்டுச் சொன்னான்.

கோட்டுப்படத்தில் பேச்சே இல்லை. பீப்பியும் மத்தளமும்தான். கொட்டகை உருண்டு சிரித்தது. எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிற சௌடப்பனுக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. துண்டு நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கிற குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது. படத்தில் வருகிற ஆட்டைப் பற்றி, பட்டணத்துத் தெருவைப் பற்றி, அது தின்கிற சுவரொட்டியைப் பற்றி, மூச்சு விடாமல்.

"யாருய்யா அது, காதைக் கிழிக்கிறது?" என்றார் முதலாளி.

"நம்ம வீட்டுக்காரிதான். வாய் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்."

"என்ன சொல்லுது?"

"எங்க வீட்டுப் பாசையில ஏதோ பினாத்துறா. கூறு கெட்டவ."

சந்தையில் தமிழில் பேரம் பேசி மூன்று கடைக்காரர்களை அழவைக்கிறவள் லிங்கம்மாள். கொட்டகைக்குள் வந்துவிட்டால் கன்னடம்தான். இத்தனை வருஷம் நெசவாளிகளோடு பழகியும் முதலாளிக்கு அதில் 'வா', 'போ' தாண்டிப் பிடிபடவில்லை.

"ஊரே சிரிக்குது, நீ உம்முனு இருக்க" என்றார் முதலாளி. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "சரி, இப்ப அந்த ஆடு என்ன செய்யுது? சொல்லு பாப்பம்."

அந்த நேரம் பார்த்து லிங்கம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது. கொட்டகைக்குக் கொஞ்சம் நிம்மதி.

சௌடப்பன் தொண்டையைச் செருமினார். துண்டை உதறித் தோளில் போட்டார். குனிந்து காலைச் சொறிந்தார்.

"என்னப்பா?"

"இருங்க முதலாளி. ஆட்டைப் பாக்க விடுங்க."

இருமல் நின்றது. லிங்கம்மாள் விட்ட இடத்திலிருந்து முன்னைவிடச் சத்தமாகப் பிடித்துக்கொண்டாள். "ஏ ஆத்தா, சித்த நேரம் வாயை மூடு!" என்று பெஞ்சிலிருந்து ஒருத்தர் கத்தினார்.

"போலீஸ்காரன் குடையைத் தின்னுட்டு, கம்பியை மட்டும் ஒண்ணொண்ணாத் துப்புது" என்றார் சௌடப்பன். "அவன் கம்பியை எண்ணிப் பாக்கிறான். போன வருசம் எங்க பக்கத்து வீட்டு ஆடும் இப்படித்தான், காயப்போட்ட சாய நூலைத் தின்னுட்டு மூணு நாளாச் செவப்பாவே புழுக்கை போட்டுச்சு."

முதலாளி குலுங்கிச் சிரித்தார். சௌடப்பன் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"நாளைக்கு வந்து பாவை எடுத்துக்கப்பா. எண்பது."

சௌடப்பனுக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை.

"இதுதான் முதலாளி யோக்கியமான படம். மத்தவன் பூராம் பொய்யை நெசம்னு காட்டுறான். இவன் பொம்மையைப் பொம்மைன்னே காட்டுறான்."

படப்பெட்டி வந்தது. தாய்க்காரி இன்னும் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுச் செத்தாள். சௌடப்பன் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வெயில் இறங்கவில்லை. எப்போதும் போல லிங்கம்மாள் முன்னே போனாள், வளையலைக் குலுக்கிக்கொண்டே. "பொண்டாட்டி பின்னாடி போறாரு பாரு, நாய்க்குட்டி மாதிரி" என்று டீக்கடையில் எவனோ சொன்னான். அதுவும் எப்போதும் போலத்தான். சௌடப்பன் திரும்பவில்லை.

கடைகள் முடிந்து, ஆள் நடமாட்டம் ஓய்ந்து, கருவேல மரத்துக் காற்று முகத்தில் பட்ட பிறகு வாய் திறந்தார்.

"நாம பாத்ததிலேயே நல்ல படம், என்ன?"

"ம்."

"அந்த ஆட்டுக்குக் கொம்பு இருந்துச்சா?"

"ரெண்டு. ஒண்ணு மேல பாத்து, ஒண்ணு கீழ பாத்து."

"அடக் கழுதை" என்று ஆசையாகச் சொன்னார் சௌடப்பன்.

"மெதுவா. முன்னால பள்ளம்."

வளையல் சத்தம் ஒரு எட்டு தாண்டிப் போய் நின்றது. அவரும் ஒரு எட்டு தாண்டினார்.