போகலாம்

வேதரத்தினம் நகைத் தொழிற்சாலை ஒன்றில் செக்யூரிட்டி மேனேஜர். வேலை முடிந்து வெளியேறும் ஆண்களைத் தன் கையாலேயே தடவிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அக்குளில் தொடங்கும் கைகள் விலாவில் இறங்கி, இடுப்பைச் சுற்றி, கணுக்காலில் முடியும். பிறகு தோளில் ஒரு தட்டு. "போகலாம்." அந்தச் சொல் விழாமல் கேட் திறக்காது.

மனைவி புஷ்பவல்லி இறந்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அவருடைய கைகள் அதே வழியில்தான் இறங்கின. வந்தவர்கள் நெளிந்தார்கள். அவளுடைய தம்பி சிங்காரவேல்தான் அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தினான்.

"அத்தான், நாங்க ஒண்ணும் எடுத்துட்டுப் போகல."

வேதரத்தினம் கூசிப்போய்க் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பாடையைத் தூக்கும் நேரம் வந்தது. கடைசியாக முகம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி குனிந்து, அவளைத் தடவத் தொடங்கினார். விலா, இடுப்பு, புடவைக் கொசுவம், சேர்த்துக் கட்டியிருந்த கால் பெருவிரல்கள். மறுபடி மேலிருந்து. வாசலில் சங்கு ஊதி ஓய்ந்தது.

"நேரமாகுது அத்தான். போகலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இருடா. என்னமோ எடுத்துட்டுப் போறா. கையில அகப்பட மாட்டேங்குது."

தூக்க வந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். அவர் மறுபடியும் விலாவிலிருந்து ஆரம்பித்தார்.