மூன்று டேங்க் மருந்து

ஜனவரி 22, வியாழன்.

இன்று ஒரு பிழை செய்தேன். எனக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றை, மரத்தைவிட்டு இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் வேதவதி மாமி வீட்டு நான்கு தென்னைகளிலும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த வெள்ளை ஈ. அது கழிக்கும் பிசினில் பூஞ்சை பிடித்து ஓலையெல்லாம் கரி படிந்திருந்தது. அந்த ஈயை அழிக்கும் குட்டிக் குளவி அடைத்த காகித உறைகளை ஆறு வாரம் முன்பு நான்தான் ஏறிக் கட்டினேன். மருந்து அடித்தால் குளவியும் செத்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மாமியிடம் கெஞ்சி வாங்கிய ஆறு வாரம் அது.

காலையில் மரமேறும் மிஷினை மாட்டி ஏறினேன். ஓலைக்கு அடியில், வெள்ளையாக இருக்கவேண்டிய ஈக்குஞ்சுகளில் பாதி கறுப்பாக இருந்தன. ஏதோ புது நோய் என்று பட்டது.

"எல்லாம் கறுத்துப்போச்சு மாமி."

"உன் குளவியை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்ற மாமி, மருந்தடிக்கும் ஹாலித்துக்குப் போன் செய்ய உள்ளே போனார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன தெரியும் என்று தோன்றியது.

மாலை மரப் பராமரிப்பு வகுப்பில், கொண்டுபோன ஓலைத்துண்டைப் பக்கத்தில் உட்காரும் டெல்பினிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவள் சிரித்தாள்.

"ஏண்டி சுபா, நீ விட்ட குளவி உனக்கே தெரியலையா? ஈக்குஞ்சு கறுத்தா உள்ள குளவி வளருதுன்னு அர்த்தம். போன வாரம் நோட்ல எழுதினியே."

எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

உடனே மாமிக்குப் போன் செய்தேன். நாலு மணிக்கே ஹாலித் வந்து மூன்று டேங்க் அடித்துவிட்டுப் போய்விட்டாராம். ஓலை பளபளவென்று ஆகிவிட்டதாம். மற்ற இடத்துத் தென்னைகளில் கொண்டுபோய் விடவும் இந்த நான்கு மரத்துக் குளவியைத்தான் வகுப்பில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

ஹாலித்தின் கடை பாலக்கரையில், வகுப்பிலிருந்து நடக்கிற தூரம். பாதியில் எழுந்து போனேன். அவர் கடை வாசலில் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"என்ன மருந்து பாய் அடிச்சீங்க?"

"காவேரித் தண்ணி," என்றார் அவர். "ஓலைக்கு அடியில கறுப்பு இருந்ததை நானும் பார்த்தேன்மா. அதுல போய் மருந்து அடிப்பேனா? மேல இருந்த கரியைக் கழுவிவிட்டேன். மருந்து வேணாம்னு சொல்லியிருந்தா மாமி வேற ஆளைக் கூப்பிட்டிருப்பாங்க."

நாளை: காலை ஆறு மணிக்கு ஏறி, கறுத்த குஞ்சுகள் உள்ள ஓலைகளை வெட்டிக் கைலாசபுரத்து மரங்களில் கட்ட வேண்டும். அதற்கு முன், அடித்தது தண்ணீர்தான் என்று மாமியிடம் சொல்ல வேண்டும்.