மாமியார் மீனும் மருமகள் டார்ச்சும்

“என் சமையல்ல விஷம் தேடுறா உன் பொண்டாட்டி. நான் என் தங்கச்சி வீட்டுக்கே போறேன்!”

அம்மா பெட்டியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மகன் விழித்தான்.

விஷயம் இதுதான். மருமகளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே தயாரித்த காகிதப் பட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு மாதமாக, அத்தை வாங்கி வரும் மீனை டப்பாவில் போட்டு, பட்டையோடு மூடிவைத்து, ஊதா டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.

“இதுல தடவியிருக்குற மூலக்கூறுங்க தனித்தனியா இருந்தா ஒளிராது. கெட்டுப்போன மீனோட ஆவி பட்டா ஒண்ணா கூடும். கூடினா மஞ்சளா ஒளிரும்” என்று முதல் நாளே விளக்கினாள்.

“நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லு. தனியா இருந்தா பூனை, கூடினா புலி” என்று அவன் சிரித்தான்.

அம்மா சிரிக்கவில்லை. முகர்ந்து பார்த்தே மீன் என்றைக்குப் பிடித்தது என்று சொல்பவள் அவள். அப்பா போன பிறகு அடுப்படிதான் அவளுக்கு உலகம். அங்கே வந்து ஒருத்தி டார்ச் அடித்தால் பொறுப்பாளா?

இன்று இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று அவன் அடுப்படிக்குள் நுழைந்தான். மனைவி டப்பாவுக்கு மேல் குனிந்திருந்தாள்.

“மீன் நல்லா இருக்கு அத்தை!” என்று அறைப்பக்கம் குரல் கொடுத்தாள்.

“அதைத்தான் நான் மோந்தே சொன்னேனே!” அறையிலிருந்து வெடுக்கென்று பதில் வந்தது.

அவன் எட்டிப் பார்த்தான். டார்ச் வெளிச்சத்தில் பட்டை மஞ்சள் மஞ்சளாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அவள் சத்தமில்லாமல் அந்த மீனைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். தன் ஆபீஸ் பையிலிருந்து அதே வகை மீனை எடுத்துப் பாத்திரத்தில் வைத்தாள்.

“என்னடி இது?”

“மெதுவா பேசுங்க. அத்தைக்கு வாசனையே தெரியல. போன மாசம் கேஸ் கசிஞ்சப்பகூட பக்கத்துலயேதான் நின்னாங்க.”

அவன் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அம்மாவின் மூக்கா?

“அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே. இப்ப பாரு, உன்மேல கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்மேல கோவிச்சுக்கிட்டுப் போனா, கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடுவேங்க. தன் மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா, இதே வீட்டுல இருந்தாலும் இந்த அடுப்படிக்குத் திரும்ப வரமாட்டாங்க.”