ரிசல்ட் அன்று பூட்டிய குழு

'அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்' என்று கைப்பேசி சொன்னதும் குணவதிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

இன்றைக்கு எஸ்.பி.எம்., பள்ளி இறுதிப் பரீட்சை ரிசல்ட். மகள் ரூபினிக்கு எட்டுப் பாடத்தில் ஏ. பள்ளி வாசலிலேயே குணவதி ரிசல்ட் சிலிப்பைப் படம் பிடித்து, நாலு பூங்கொத்துப் படமும் சேர்த்துத் தயாராக வைத்திருந்தாள். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட முடியவில்லை.

சுங்கை லாலாங் பக்கம் அவர்கள் குடியிருந்து வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றுப் பத்து வருஷம் ஆகிறது. சனங்கள் பீடோங், லூனாஸ் என்று சிதறிப் போனார்கள். அந்தத் தோட்டம் இப்போது இருப்பது வாட்ஸ்அப்பில்தான், நூற்று எண்பது பேரோடு. அதில் போடாத சந்தோஷம் சந்தோஷத்தில் சேர்த்தியா?

தோட்டத்தில் பக்கத்து வீட்டில் இருந்த பரஞ்சோதி அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பாருங்கக்கா, காலையில ஏழு மணிக்கே பூட்டிட்டாரு. 'குழு பராமரிப்பு, நாளை மாலை திறக்கும்'னு ஒரு வரி. வாட்ஸ்அப்புல என்னக்கா பராமரிப்பு, இது என்ன லிஃப்டா?"

பூட்டியவர் புவனேஸ்வரன். பள்ளி பஸ் ஓட்டுகிறவர். குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான், ஆள்கிறவரும் அவர்தான். கோயில் திருவிழாவுக்கு ஒரு கிளைக் குழு, துக்க வீட்டு உதவிக்கு ஒன்று, வேலை காலிச் செய்திக்கு ஒன்று. இடம் மாற்றிப் போட்டால் அழித்துவிடுவார். ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினால் முதல் தடவை எச்சரிக்கை, மூன்றாம் தடவை ஆள் வெளியே. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'வாட்ஸ்அப் கங்காணி' என்று பெயர்.

"அவரு பையன் யோகேந்திரனும் இந்த வருஷம்தானே எழுதினான்?" என்றாள் பரஞ்சோதி.

"ஆமாக்கா."

"அப்புறம் என்னலா? பையன் ஊத்திக்குவான்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். மத்த பிள்ளைங்க ரிசல்ட்டைப் பார்த்தா வயிறு எரியும்ல, அதான் பூட்டிட்டாரு."

குணவதிக்கு அது சரியாகவே பட்டது. கோபத்தில் இருக்கிறவருக்கு எதுதான் சரியாகப் படாது?

'அண்ணே, கொஞ்சம் திறங்க' என்று தனியாக அவருக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

"குரூப்பு செய்ய அவருக்கு மட்டும்தான் தெரியுமா?" என்று உட்கார்ந்தாள். 'லாலாங் சொந்தங்கள்' என்று பெயர் வைத்தாள். தன் போனில் இருந்த தோட்டத்து ஆட்களை எல்லாம் சேர்த்தாள், புவனேஸ்வரனைத் தவிர. மதியத்துக்குள் அறுபது பேர். ரூபினியின் சிலிப் முதலில் போனது. அதன் பின்னாலேயே இன்னும் நாலைந்து வீட்டுச் சிலிப்புகள். வாழ்த்து கொட்டியது. தட்டில் சோறு ஆறிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு பேர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டு விலகினார்கள். "பொறாமை" என்றாள் குணவதி.

சாயங்காலம் லட்டுப் பெட்டியோடு காரில் புவனேஸ்வரன் வீட்டுக்குக் கிளம்பினாள். மூத்த மகன் காளிதாசன்தான் காடி ஓட்டினான். எஸ்.பி.எம்.மோடு படிப்பு நின்றுபோய், பீடோங்கில் மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கிறான்.

"எதுக்கும்மா அவருகிட்ட சண்டை?"

"சண்டையா? இனிப்பு கொடுக்கப் போறேன்லா."

வாசலில் காடியை நிறுத்திவிட்டு அவன் அதிலேயே இருந்துகொண்டான்.

புவனேஸ்வரன் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாம்மா குணா. எட்டு ஏவாமே, ரொம்ப சந்தோஷம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு லட்டை வாங்கிக் கடித்தார்.

"குரூப்புல சொல்லத்தான் வழியில்ல, அண்ணே. நேர்லயே வந்துட்டேன். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுப் பிள்ளைக்கு நல்லா வரலன்னா, எங்க வாயை எதுக்குப் பூட்டணும்?"

அவர் லட்டை மென்றுகொண்டே இருந்தார். தேத்தண்ணியோடு வெளியே வந்த அவர் மனைவி லோகேஸ்வரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"யாருக்கு வரல? யோகேந்திரனுக்கு ஒன்பது ஏ, குணா. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. காலையிலேர்ந்து வாயை மூடிக்கிட்டு இருக்கேன், வயிறு உப்புசமா இருக்கு."

குணவதி புவனேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "பின்ன எதுக்குண்ணே?"

"குரூப்புல இந்த வருஷம் பதினோரு பிள்ளைங்கம்மா. ரெண்டு பேருக்குச் சரியா வரல. எல்லாரும் சிலிப்பு போட்டா, போடாத வீடு எதுன்னு தானா தெரிஞ்சுரும். அப்புறம் ஆளாளுக்கு 'உங்க பிள்ளைக்கு என்னாச்சு'ன்னு கேப்பாங்க. ரெண்டு நாள் போனா சூடு ஆறிரும். வருஷா வருஷம் பூட்டுறதுதான். போடுறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்களுக்குப் பூட்டினதே தெரியாது."

மதியம் விலகிப் போன இரண்டு பெயர்களும் குணவதியின் கண் முன்னால் வந்தன. வெட்கமாக இருந்தது.

"இந்த யோசனை உங்களுக்கு எப்பண்ணே வந்துச்சு?"

"அது கிடக்கட்டும்மா. இன்னொரு லட்டு கொடு."

லோகேஸ்வரி வாசலில் நின்ற காடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"மூணு வருஷம் ஆச்சு, குணா. உன் காளிதாசனுக்கு ரிசல்ட் வந்த அன்னிக்குத்தான் முதல் தடவையா பூட்டினாரு."