குடைக்கம்பி சொன்ன பொய்

கிழிந்த குடையிலிருந்து பிடுங்கிய கம்பி ஒன்று, ஏர்கன் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் சேவியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. துப்பாக்கிக் குழாயைத் துடைக்கும் வேலை அதற்கு.

"குடைக்கம்பிக்கு வந்த வாழ்வைப் பாருடா!" என்று திருப்புளி சிரித்தது.

முதலில் வந்தது, திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கி. கம்பி உள்ளே போனது. பாதி வழியில் ஏதோ தடுத்தது.

"மெதுவா," என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "ஈயக்குண்டுங்க மூணு பேர் இங்கேயே கிடக்கோம். சுடுற சத்தம் கேட்கும். ஆனா நாங்க யாரும் வெளியே போனதில்லை."

கம்பி வளைந்தபடி வெளியே வந்தது.

"கடைசிவரைக்கும் போனியா?" என்று கேட்டது திருப்புளி.

இல்லை என்று சொன்னால் தனக்குக் குப்பைக்கூடைதான். "போனேனே. சுத்தமா இருக்கு," என்றது கம்பி.

சேவியர் நைந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டினார். அதன் பலத்தைப் பார்க்கத் துப்பாக்கியை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தி ஏற்றினார். அதற்குள் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர், ஏற்றி வைத்ததை மறந்து, குழாயின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் விசையின் மேல் கிடந்தது.

"அண்ணே, பொறு!" என்று கம்பி ஸ்பிரிங்கைப் பார்த்துக் கத்தியது. "நான் பொய் சொல்லிட்டேன். உள்ளே குண்டு இருக்கு!"

"விசை என்னை விட்டா நான் விரிவேன், தம்பி," என்றது ஸ்பிரிங். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

வாய் வழியே குழாய்க்குள் வந்த வெளிச்சம் மெல்ல அணைந்தது.

"வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்க," என்றது முன்னால் கிடந்த குண்டு. "இமை அசையுது."