பெரிய டொக்டர் வந்திருக்காங்க

புதிதாக ஒரு கிளினிக் தொடங்கினால் நோயாளிகள் வந்து சேர வருஷக்கணக்காகும் என்றுதான், ரிஸ்லா ஆஸ்பத்திரி டொக்டர் வேலையை விட்டுவிட்டு மஸ்கெலியாவில் டொக்டர் மருதமுத்துவின் டிஸ்பென்சரியை வாங்கினாள். இனி இந்த ஊரில் வைத்தியம் பார்ப்பதில்லை என்று உறுதி சொல்லிவிட்டு அவரும் கொத்மலைக்குக் குடிபோனார்.

அடுத்த மாதமே, மருந்து கொடுக்கும் பிரேமினி பரபரப்பாக உள்ளே வந்தாள்.

“மிஸ், பெரிய டொக்டர் வந்திருக்காங்க! வெளிய எல்லாரும் அவங்களத்தான் சுத்தி நிக்கிறாங்க.”

மருதமுத்து திரும்பி வந்துவிட்டாரா? ரிஸ்லாவுக்குப் பயம் வந்தது. அதன்பிறகு உள்ளே வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் ஆசையாகக் கேட்டார்கள்.

“பெரிய டொக்டர் இனிமே இங்கதானுங்களா?”

விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. இதுவும் போனால் எங்கே போவது?

எல்லோரும் போனபிறகு மருதமுத்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“சேர், திரும்ப வரமாட்டேன்னு சொன்னீங்களே!” ரிஸ்லா எழுந்து நின்றாள்.

“டொக்டரா வரமாட்டேன்னுதாம்மா சொன்னேன்.”

நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரை விலக்கினார். கழுத்தோரம் ஒரு கட்டி.

“ரொம்ப நாளா தொட்டுத் தொட்டுப் பாக்குறேன். யாருகிட்டயும் காட்ட தைரியம் வரல. டிஸ்பென்சரியக் கேட்டு நிறையப் பேரு வந்தாங்க. நீங்க மட்டுந்தான் கேன்சர் வார்டுல வேலை செஞ்சவங்க. அதனாலதான் உங்களுக்குக் குடுத்தேன். பாத்துச் சொல்லுங்கம்மா.”

ரிஸ்லா தொட்டுப் பார்த்தாள். கட்டி கல்லைப்போல அசையாமல் இருந்தது.

மறுபடியும் பயம் வந்தது. இந்தத் தடவை அவருக்காக.